பதில் சொல்ல ஆளில்லாத இடத்தில் டிப்ளாய்: சேலம் கொலுசு ஆர்டர் தளம், ஒரு நிகழ்வு ஆய்வு

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கடைக்கான ஆர்டர் தளம் இது. வெளியூர்க் கடைக்காரர்கள் டிசைன் பார்த்து, எடை, டச் (வெள்ளியின் தூய்மை), கூலி மூன்றையும் குறித்து ஆர்டர் போடுவார்கள். கடையில் இருப்பவர்கள் அதைப் பட்டறைகளுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். தளம் கூகுளின் ஃபயர்பேஸ் என்ற கிளவுட் சேவையில் ஓடுகிறது. பக்கங்கள் ஹோஸ்டிங்கில், ஆர்டரைப் பதிவு செய்யும் நிரல் கிளவுட் ஃபங்ஷன்ஸில், தரவு ஃபயர்ஸ்டோரில். ஃபங்ஷன்களும் தரவும் மும்பை ரீஜியனில் உள்ளன. கோட் கிட்ஹப்பில் இருக்கிறது. ஐந்து ரோடு பக்கம் உள்ள ஒரு சின்ன மென்பொருள் குழு பராமரிக்கிறது. கடை, குழு இரண்டின் பெயரும் இங்கே தேவையில்லை.

முதலில் டிப்ளாய் (புது நிரலைத் தளத்தில் ஏற்றுவது) என்றால் குழுவில் ஒருவர் தன் லேப்டாப்பில் ‘ஃபயர்பேஸ் டிப்ளாய்’ என்று தட்டுவதுதான். அவர் ஊரில் இல்லாவிட்டால் திருத்தம் காத்திருக்கும். அதனால் வேலையை, கமாண்டுகளைத் தானாக ஓட்டும் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸுக்கு மாற்றினார்கள். மெயின் பிராஞ்சில் (கோடின் முதன்மைக் கிளையில்) திருத்தம் மெர்ஜ் ஆனதும் தானாகவே டிப்ளாய் ஆக வேண்டும் என்பது திட்டம். லேப்டாப்பில் தட்டிய அதே வரியை ஒர்க்ஃப்ளோ (தானாக ஓட வேண்டிய படிகள்) ஃபைலில் ஒட்டினார்கள். அந்த ஒரு வரிக்குள் லேப்டாப் எத்தனை விஷயங்களைச் சத்தமில்லாமல் நிரப்பிக்கொண்டிருந்தது என்பது அதன் பிறகுதான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது.

லேப்டாப் சொல்லாமல் கொடுத்தவை

எந்த ப்ராஜெக்ட் என்பது முதலாவது. ‘ஃபயர்பேஸ் யூஸ்’ என்று ஒருமுறை தேர்ந்தெடுத்தால், சிஎல்ஐ (ஃபயர்பேஸின் கமாண்டுகளை ஓட்டும் கருவி) அதை அந்த ஃபோல்டருக்கு உரியதாக ஹோம் டைரக்டரியில் ஒரு ஃபைலில் குறித்து வைத்துக்கொள்ளும். அது ரெப்போவில் (கிட்ஹப்பில் உள்ள கோட் தொகுப்பில்) சேராது. சிஐ ரன்னர் (இந்தத் தானியங்கி வேலைகளை ஓட்டும் கணினி) ஒவ்வொரு முறையும் வெறும் மெஷினாகத் தொடங்குவதால் அங்கே அந்தக் குறிப்பு இல்லை. அப்போது ‘ஃபயர்பேஸ்ஆர்சி’ ஃபைலில் டீஃபால்ட் என்று எது எழுதியிருக்கிறதோ அதற்குத்தான் டிப்ளாய் போகும். டீஃபால்ட் இல்லையென்றால் பிழை வந்து நிற்கும். நிற்பதே நல்லது. இந்தக் குழு டீஃபால்ட் வரியை நீக்கிவிட்டு ஸ்டேஜிங் (சோதனைக்கு), ப்ராட் (உண்மையான தளத்துக்கு) என்று இரண்டு அலியாஸ் மட்டும் வைத்தது. ஒவ்வொரு கமாண்டிலும் ‘ப்ராஜெக்ட்’ ஃபிளாக்கைக் கையால் எழுதுகிறார்கள். எழுத மறந்தால் ஓடாது.

இரண்டாவது, சிஎல்ஐயின் பதிப்பு. ஒர்க்ஃப்ளோவில் குளோபலாக இன்ஸ்டால் செய்தால் அன்றைக்கு வெளிவந்த புதுப் பதிப்பு வந்து உட்காரும். சிஎல்ஐயின் 14-ஆம் பதிப்பு, ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் மென்பொருளின் 18-ஆம் பதிப்பைக் கைவிட்டது. ரன்னரில் நோட் 18 வைத்திருந்தவர்களுக்குத் தங்கள் கோடில் ஒரு எழுத்தும் மாறாமலே டிப்ளாய் உடையக்கூடிய நிலை அது. ஃபயர்பேஸ் டூல்ஸை டெவ் டிபெண்டன்சியாகச் சேர்த்து, லாக் ஃபைலை (பேக்கேஜ் பதிப்புகளைப் பூட்டி வைக்கும் ஃபைலை) கமிட் செய்து, ‘என்பிஎம் சிஐ’ ஓட்டி, ‘என்பிஎக்ஸ்’ வழியாகக் கூப்பிடுவதே சரி. ‘என்பிஎம் சிஐ’ லாக் ஃபைலில் உள்ளதை மட்டும் அப்படியே போடும். பேக்கேஜ் ஃபைலும் லாக் ஃபைலும் ஒத்துப்போகவில்லையென்றால் நின்றுவிடும்.

ஃபங்ஷன்ஸ் ஃபோல்டருக்குள்ளும் தனியாக ‘என்பிஎம் சிஐ’ ஓட வேண்டும். இதை விட்டுவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. எந்தெந்த ஃபங்ஷன்கள் இருக்கின்றன என்று கண்டுபிடிக்க, சிஎல்ஐ டிப்ளாய்க்கு முன் அந்தக் கோடையே ரன்னரில் லோடு செய்து பார்க்கும். நோட் மாட்யூல்ஸ் (இன்ஸ்டால் ஆன பேக்கேஜ்கள்) இல்லையென்றால் ‘ஃபயர்பேஸ்-ஃபங்ஷன்ஸ் பேக்கேஜ் காணோம்’ என்று சொல்லி நிற்கும். ஃபைலின் தலைப்பகுதியிலேயே டேட்டாபேஸைத் தொடும் கோட் இருந்தாலும் இந்தக் கட்டத்தில் தொங்கி, 10 வினாடி டைம்அவுட்டில் விழும். ப்ராஜெக்ட் பெயரோடு கூடிய ‘டாட் என்வ்’ ஃபைல் (அமைப்பு மதிப்புகள் உள்ளது) கிட்டில் இல்லாமல் லேப்டாப்பில் மட்டும் இருந்ததும் இதே வகை. லேப்டாப்பில் மதிப்பு இல்லாவிட்டால் சிஎல்ஐ கேட்டு வாங்கிக்கொள்ளும், சிஐயில் கேட்க ஆளில்லை. ரகசியம் இல்லாத மதிப்புகளை ரெப்போவிலும், ரகசியங்களை சீக்ரெட் மேனேஜரிலும் வைத்த பிறகு இது தீர்ந்தது.

யார் என்ற அடையாளம்

பழைய வழிகாட்டிகள் ‘லாகின் சிஐ’ என்ற கமாண்டை ஓட்டி, கிடைக்கும் டோக்கனை (கடவுச்சொல் போன்ற அனுமதிச் சீட்டை) கிட்ஹப் சீக்ரெட்டில் போடச் சொல்லும். அது கைவிடப்படும் வழி என்று சிஎல்ஐயே இப்போது எச்சரிக்கிறது. பெரிய குறை வேறு: அந்த டோக்கன் ஒரு மனிதரின் கணக்கு. அவருக்கு எத்தனை ப்ராஜெக்டில் உரிமை இருக்கிறதோ அத்தனைக்கும் அது செல்லும். கொலுசுத் தளத்துக்கான டோக்கன் கசிந்தால், அதே நபர் பார்த்துக்கொள்ளும் வேறு வாடிக்கையாளர்களின் தளங்களும் கூடவே போகும்.

அடுத்த படி சர்வீஸ் அக்கவுண்ட், அதாவது மனிதருக்கு அல்லாமல் நிரலுக்கான கணக்கு. அதன் கீயை ஜேசான் ஃபைலாக இறக்கி சீக்ரெட்டில் வைப்பது பலர் செய்வது. ஆனால் கிட்ஹப்பின் ஓட்டப் பதிவான லாக்கில் சீக்ரெட்டை மறைப்பது எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுத்தான். பல வரி ஜேசானில் ஒரு துண்டு மட்டும் லாக்கில் வந்தால் மறைப்பு தவறலாம். அதோடு அந்தக் கீயை யாராவது நினைவாக மாற்றும் வரை அது உயிரோடு இருக்கும். இந்தக் குழு ஒர்க்லோடு ஐடென்டிட்டி ஃபெடரேஷனுக்கு மாறியது. கிட்ஹப் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் குறுகிய ஆயுள் கொண்ட ஓஐடிசி டோக்கன் (ஓடுவது எந்த ரெப்போ என்று சொல்லும் அடையாளம்) தரும், கூகுள் கிளவுட் அதைச் சரிபார்த்து அணுகல் கொடுக்கும். கீ ஃபைல் எங்கும் இல்லை. இதற்கு ஜாபில் ‘ஐடி-டோக்கன்: ரைட்’ அனுமதி வேண்டும். கூகுள் பக்கம் நிபந்தனையில் ரெப்போவின் முழுப்பெயரைக் கட்டாயம் எழுத வேண்டும். எழுதாவிட்டால் கிட்ஹப்பில் உள்ள யாருடைய ரெப்போவும் அந்தக் கதவைத் தட்டலாம்.

ஸ்டெப்களின் வரிசையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. கூகுளின், அடையாளம் சரிபார்க்கும் ஆத் ஆக்‌ஷன் ஒரு தற்காலிக கிரெடென்ஷியல் ஃபைலை ஒர்க்ஸ்பேஸிலேயே எழுதும். செக்அவுட் (கோடை ரன்னருக்கு இறக்கும் ஸ்டெப்) அதற்குப் பின்னால் வந்தால் ஒர்க்ஸ்பேஸைத் துடைக்கும்போது அந்த ஃபைலும் போய்விடும், டிப்ளாய் ‘லாகின் ஆகவில்லை’ என்று விழும். ஆகவே செக்அவுட் முதலில், ஆத் பிறகு. அந்த ஃபைல் ரெப்போவின் மேல்மட்டத்தில் கிடப்பதால், ஹோஸ்டிங் ஃபோல்டரோ ஃபங்ஷன்ஸ் ஃபோல்டரோ ரெப்போவின் வேராகவே அமைந்திருந்தால் அதுவும் அப்லோடு ஆகிவிடும். இங்கே இரண்டும் தனி ஃபோல்டர்கள். இருந்தாலும் இக்னோர் பட்டியலில் அந்த ஃபைல் பெயர் வடிவத்தைச் சேர்த்திருக்கிறார்கள்.

உரிமைகளில் அதிக நேரம் தின்றது ‘ஆக்ட்-ஆஸ்’. ஃபங்ஷன்ஸ் டிப்ளாய் செய்யும் அக்கவுண்ட்டுக்கு, அந்த ஃபங்ஷன் எந்த அக்கவுண்ட்டாக ஓடுமோ அதன் மேல் ‘சர்வீஸ் அக்கவுண்ட் யூசர்’ ரோல் வேண்டும். இது இல்லாமல் ஹோஸ்டிங் அட்மின், ஃபங்ஷன்ஸ் அட்மின், ரூல்ஸ் அட்மின் எல்லாம் கொடுத்தும் பயனில்லை. வெறுத்துப்போய் ஓனர் ரோல் கொடுத்துவிடுபவர்கள் நிறைய. பிழைச் செய்தியில் எந்த அக்கவுண்ட்டின் மேல் உரிமை இல்லை என்று தெளிவாகவே எழுதியிருக்கும். அதை நிதானமாகப் படித்தால் போதும்.

‘ஃபோர்ஸ்’ என்ற ஃபிளாக்

ஆர்டர் பதிவு செய்யும் ஃபங்ஷன் ஒன்றின் பெயரை மாற்றினார்கள். லேப்டாப்பில் இப்படிச் செய்தால் சிஎல்ஐ, ‘இந்தப் பழைய ஃபங்ஷன் ப்ராஜெக்டில் இருக்கிறது, உங்கள் கோடில் இல்லை, நீக்கட்டுமா?’ என்று கேட்கும். சிஐயில் ‘நான்-இன்டராக்டிவ்’ ஃபிளாக்கோடு ஓடும்போது கேட்காது. நீக்குவதைத் தொடர முடியாது என்று சொல்லி, கையால் நீக்குவதற்கான கமாண்டையும் காட்டிவிட்டு முழு டிப்ளாயையும் நிறுத்தும். ஒர்க்ஃப்ளோ சிவப்பானது. உடனே ஒருவர் ‘ஃபோர்ஸ்’ ஃபிளாக்கைச் சேர்த்தார். பச்சையானது.

அன்றே கடையிலிருந்து போன் வந்தது: “தம்பி, நிலுவை ஆர்டர் லிஸ்ட் சுத்திக்கிட்டே நிக்குதுங்க. புது ஆர்டர் போட்டா போகுது, லிஸ்ட் மட்டும் வரல.”

நடந்தது இது. ‘ஃபோர்ஸ்’ என்பது ஃபங்ஷன் நீக்குவதற்கு மட்டும் ‘ஆமாம்’ சொல்வது இல்லை. அந்த ஓட்டத்தில் சிஎல்ஐ கேட்கக்கூடிய எல்லா உறுதிக் கேள்விக்கும் ஆமாம் சொல்கிறது. ஃபயர்ஸ்டோரில் உள்ள இண்டெக்ஸ்களில் (தரவைத் தேட உதவும் அட்டவணைகளில்), ரெப்போவின் இண்டெக்ஸ் ஃபைலில் இல்லாதவற்றை நீக்கட்டுமா என்பதும் அப்படி ஒரு கேள்வி. ஃபோர்ஸ் இல்லாத சிஐ ஓட்டத்தில் சிஎல்ஐ அவற்றைத் தொடாமல், இருக்கின்றன என்ற குறிப்பை மட்டும் லாக்கில் போடும். ஃபோர்ஸோடு ஓடினால் நீக்கிவிடும்.

நிலுவை லிஸ்ட் கடை, நிலை இரண்டையும் வடிகட்டி, தேதிப்படி வரிசைப்படுத்திக் கேட்கும் குவெரி. அதற்கு காம்போசிட் (பல புலங்கள் சேர்ந்த) இண்டெக்ஸ் வேண்டும். முன்பு எப்போதோ பிழைச் செய்தியில் வந்த லிங்க்கை அழுத்தி, கன்சோலில் அந்த இண்டெக்ஸை உருவாக்கியிருந்தார்கள். மிக வசதியான லிங்க் அது. ஆனால் அப்படி உருவான இண்டெக்ஸ் ரெப்போவின் ஃபைலுக்குத் தானாக வராது. ஃபோர்ஸ் அதை அழித்தது, குவெரி ‘முன்நிபந்தனை தோல்வி’ என்ற பிழையோடு திரும்பியது, ஸ்கிரீன் சுற்றிக்கொண்டே இருந்தது. ஆர்டர் பதிவு ஆனதற்குக் காரணம், எழுதுவதற்கு அந்த இண்டெக்ஸ் தேவையில்லை என்பது. இண்டெக்ஸைத் திரும்ப உருவாக்கச் சொன்னாலும் அது உடனே வேலைக்கு வராது. தரவு குறைவாக இருந்தாலும் கட்டி முடிய சில நிமிடங்கள் ஆகும்.

இதே ஃபிளாக் பின்னொரு நாள் இதைவிடப் பெரிய காரியம் செய்தது. அவசரத் திருத்தத்துக்காகப் பழைய டேக்கிலிருந்து (பெயரிட்டு வைத்த பழைய பதிப்பிலிருந்து) ஒரு பிராஞ்ச் எடுத்து டிப்ளாய் செய்தார்கள். அந்த டேக்குக்குப் பிறகு சேர்ந்த, பணம் வந்ததைப் பதிவு செய்யும் வெப்ஹுக் (வெளிச் சேவை கூப்பிடும்) ஃபங்ஷன் அந்தக் கோடில் இல்லை. சிஎல்ஐக்குக் கொடுத்த உத்தரவு தெளிவானது: கோடில் இல்லாததை நீக்கு. நீக்கியது. பணம் வாங்கும் சேவையிலிருந்து வந்த அழைப்புகள் 404 வாங்கித் திரும்பின. ஒர்க்ஃப்ளோ முழுக்கப் பச்சை.

எங்கள் கருத்து இதில் உறுதியானது: தானியங்கி ஒர்க்ஃப்ளோவில் ‘ஃபோர்ஸ்’ இருக்கக் கூடாது. கேள்வி வந்து நிற்கும் இடத்தில் நிற்பதுதான் அந்த ஒர்க்ஃப்ளோ செய்யும் மிகப் பயனுள்ள வேலை. அதற்குப் பதிலாகக் குழு செய்தது இவை. ‘ஃபயர்ஸ்டோர் இண்டெக்சஸ்’ கமாண்டை ப்ராட் ப்ராஜெக்டில் ஓட்டி, வந்த ஜேசானை இண்டெக்ஸ் ஃபைலில் எழுதிக் கமிட் செய்தது. இனி உண்மை ரெப்போவில் இருக்கிறது, கன்சோல் லிங்க்கை அழுத்துவது ஸ்டேஜிங்கில் மட்டும். ஃபங்ஷன் பெயர் மாற்றம் இரண்டு கட்டமாக நடக்கும். முதல் மெர்ஜில் பழையதும் புதியதும் சேர்ந்து டிப்ளாய் ஆகும், அழைப்பவர்கள் அனைவரும் புதியதற்கு மாறிய பிறகு பழையது கோடிலிருந்து நீங்கும். உண்மையில் நீக்குவதற்குத் தனி ஒர்க்ஃப்ளோ உண்டு. அதைக் கையால்தான் ஓட்ட முடியும். ஃபங்ஷன் பெயரையும் ரீஜியனையும் தட்டச்சு செய்ய வேண்டும்.

ஃபோர்ஸை எடுத்ததும் இன்னொரு சிவப்பு வந்தது, இது பலரைக் குழப்பும். ஃபங்ஷன்கள் வெற்றிகரமாக டிப்ளாய் ஆகியிருக்கும், ஆனால் கன்டெய்னர் இமேஜ்களுக்கான கிளீன்அப் பாலிசி அமைக்க முடியவில்லை என்று ஜாப் தோல்வியில் முடியும். செய்தியே ‘ஃபோர்ஸ் போடு’ என்றும் ஒரு வழி காட்டும். அதே செய்தியில் உள்ள மற்ற வழி, ‘ஃபங்ஷன்ஸ் ஆர்டிஃபாக்ட்ஸ் செட்பாலிசி’. அதை அந்த ரீஜியனுக்கு ஒரே ஒருமுறை கையால் ஓட்டினால் இந்தச் சிவப்பு மறுபடி வராது.

பச்சை என்று காட்டியும் போய்ச் சேராதவை

கடைக்கு ஆண்ட்ராய்டு ஆப்பும் உண்டு. தளத்தின் லிங்க்கைத் தொட்டால் ஆப் திறக்க, தளத்தில் ‘வெல்-நோன்’ ஃபோல்டரில் ஒரு ஜேசான் ஃபைல் இருக்க வேண்டும். அந்த ஃபோல்டர் பெயர் புள்ளியில் தொடங்குவது. லேப்டாப்பிலிருந்து டிப்ளாய் செய்தவரை இருந்தது. சிஐக்கு வந்ததும் காணாமல் போனது. பில்டு ஒரு ஜாபிலும் டிப்ளாய் இன்னொரு ஜாபிலும் இருந்ததால் இடையில் ஆர்டிஃபாக்ட் அப்லோடு நடக்கிறது. அந்த ஆக்‌ஷன் 2024-லிருந்து புள்ளியில் தொடங்கும் ஃபைல்களை, கேட்காவிட்டால் சேர்ப்பதில்லை. ‘இன்க்ளூட்-ஹிட்டன்-ஃபைல்ஸ்’ என்பதை ட்ரூ ஆக்க வேண்டும். புதிதாக அமைப்பவர்களுக்கு இரண்டாவது சல்லடையும் உண்டு: ஃபயர்பேஸ் தரும் தொடக்க இக்னோர் பட்டியல் புள்ளி ஃபைல்களைத் தள்ளிவிடும். இந்த ரெப்போவில் அந்த வரி முன்பே நீக்கப்பட்டிருந்தது. பில்டு ஃபோல்டரில் நாம் வைத்தது மட்டும்தான் இருக்கும் என்பதால் அது இல்லாமலிருப்பதில் ஆபத்தில்லை.

இதை டிப்ளாய்க்குப் பின் சோதிக்க ஒரு ‘கர்ல்’ (முகவரியைக் கேட்டுப் பார்க்கும் கமாண்ட்) வரி வைத்திருந்தார்கள், அது தேறிக்கொண்டே இருந்தது. காரணம் ரீரைட். ஒற்றைப் பக்கத் தளங்களில் எந்த முகவரிக்கும் இண்டெக்ஸ் பக்கத்தைக் கொடு என்று எழுதியிருப்போம். இல்லாத ஃபைலைக் கேட்டாலும் 200 என்ற பதிலோடு முகப்புப் பக்கம் வரும். கர்லுக்கு அது வெற்றி. வெள்ளி என்று சொன்னால் போதாது, டச் பார்க்க வேண்டும்: இப்போது வந்த உள்ளடக்கத்தை ஜேசானைப் படிக்கும் ‘ஜேக்யூ’ வழியாகச் செலுத்தி, அதில் ஆப்பின் பேக்கேஜ் பெயர் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அது ஜேசான் இல்லையென்றால் அங்கேயே விழும்.

இதே ரீரைட்தான், ஏற்காட்டில் காலையில் திறந்த டேபை மாலை வரை மூடாமல் வைத்திருக்கும் கடைக்காரருக்கு வெள்ளைத் திரை காட்டுவதும். புது டிப்ளாயில் பழைய ஜாவாஸ்கிரிப்ட் துண்டுகள் போய்விடும், அவற்றைக் கேட்கும் டேபுக்கு எச்டிஎம்எல் கிடைக்கும். துண்டு லோடு ஆகவில்லையென்றால் பக்கத்தை ஒருமுறை ரீலோடு செய்யும் சிறு கோட் இதற்குப் போதும்.

டிப்ளாயின் வெளியீட்டை ‘டீ’ என்ற கமாண்ட் வழியாக ஒரு பதிவு ஃபைலுக்கும் அனுப்பியிருந்தார்கள். பைப்பில் (கமாண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுக்கும்போது) கடைசிக் கமாண்டின் முடிவே மொத்த முடிவாக எடுத்துக்கொள்ளப்படும். டிப்ளாய் விழுந்தாலும் டீ வெற்றி, ஸ்டெப் பச்சை. கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் ஷெல் எதுவும் குறிப்பிடாவிட்டால் பேஷ் ‘பைப்ஃபெயில்’ (பைப்பில் எது விழுந்தாலும் தோல்வி என்று கொள்ளும் அமைப்பு) இல்லாமல் ஓடும். ‘ஷெல்: பேஷ்’ என்று வெளிப்படையாக எழுதினால் பைப்ஃபெயிலோடு ஓடும். இரண்டும் பேஷ்தானே என்று தோன்றும், நடத்தை வேறு.

வரிசையும் நேரமும்

அடுத்தடுத்து இரண்டு மெர்ஜ் ஆனால் இரண்டு டிப்ளாய் மோதும். ஃபங்ஷன்ஸ் 409 பிழையோடு விழும். கன்கரன்சி குரூப்பில் ப்ராஜெக்ட் பெயரை வைத்து, ‘கேன்சல்-இன்-ப்ராகிரஸ்’ ஃபால்ஸ் என்று வைக்க வேண்டும். பாதியில் நிறுத்தினால் சில ஃபங்ஷன் புதிது, சில பழையது என்று நிற்கும். ஒரு குரூப்பில் ஓடுவது ஒன்று, காத்திருப்பது ஒன்று. மூன்றாவது வந்தால் காத்திருந்தது ரத்தாகும். மெயின் பிராஞ்சில் கடைசிக் கமிட்டில் முந்தியதும் அடக்கம் என்பதால் இது நஷ்டமில்லை.

ஒரே ‘டிப்ளாய்’ வரியை ‘ஒன்லி’ ஃபிளாக்கோடு பிரித்தார்கள்: ரூல்ஸும் இண்டெக்ஸும் முதலில், ஃபங்ஷன்ஸ் அடுத்து, ஹோஸ்டிங் கடைசியில். இண்டெக்ஸ் டிப்ளாய் முடிந்தது என்று சிஎல்ஐ சொல்வது, உருவாக்கும் கோரிக்கை போய்ச் சேர்ந்தது என்பதற்குத்தான். புது குவெரி வரும் பக்கத்தை அதே மெர்ஜில் அனுப்பாமல், இண்டெக்ஸை முந்தைய மெர்ஜில் அனுப்புவது பாதுகாப்பு.

வெள்ளி விலையை வைத்து டிசைன் பக்கங்களைக் காலையில் புதிதாக பில்டு செய்யும் ஒர்க்ஃப்ளோவும் உண்டு. காலை 9:30-க்கு என்று வைத்திருந்தார்கள், அடிக்கடி தாமதமானது. கிட்ஹப்பின் கிரான் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை) நேரத்தை யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) எழுதுவார்கள். நம் 9:30 அங்கே சரியாக 4:00. மணி முழுமையடையும் நிமிடத்தில் உலகமெங்கும் உள்ள கிரான்கள் குவிவதால் தாமதமாகும் என்று கிட்ஹப்பே எச்சரித்திருக்கிறது. நமக்கு அரைமணியாகத் தெரிவது அங்கே முழுமணி. 9:07-க்கு, அதாவது யூடிசி 3:37-க்கு மாற்றிய பிறகு, கடை திறக்கும் முன் பக்கங்கள் தயாராகின்றன.

ப்ரிவியூவும் ப்ரமோஷனும்

ஒவ்வொரு புல் ரிக்வெஸ்ட்டுக்கும் (திருத்தத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கைக்கும்) ஹோஸ்டிங் சேனலில் தனி முகவரி கிடைக்கும். சொல்லாவிட்டால் 7 நாள் ஆயுள், அதிகபட்சம் 30. ப்ரிவியூ என்பது பக்கங்களுக்கு மட்டுமே என்பதைக் கவனிக்க வேண்டும். ப்ராட் ப்ராஜெக்டில் ப்ரிவியூ திறந்து சோதனைக்காக ஆர்டர் போட்டால், அது கடையின் உண்மையான நிலுவையில் போய் உட்காரும். அதனால் ப்ரிவியூ எல்லாம் ஸ்டேஜிங் ப்ராஜெக்டில். ஃபோர்க்கிலிருந்து (ரெப்போவை வேறொருவர் எடுத்த நகலிலிருந்து) வரும் ரிக்வெஸ்ட்டுக்கு சீக்ரெட்டோ டோக்கனோ கிடைக்காது என்பதால், அங்கே இந்த ஜாபைத் தவிர்க்க ஒரு நிபந்தனை வேண்டும்.

ஸ்டேஜிங்கில் பார்த்துத் தேறிய அதே பில்டை ப்ராடுக்குக் கொண்டுபோக ‘ஹோஸ்டிங் குளோன்’ உண்டு, ஒரு ப்ராஜெக்டிலிருந்து இன்னொன்றுக்கும் வேலை செய்யும். ஆனால் வீட் (பக்கங்களைத் தொகுக்கும் கருவி) பில்டில் ப்ராஜெக்ட் விவரங்கள் உள்ளேயே பதிந்துவிடும். குளோன் செய்தால் ப்ராட் தளம் ஸ்டேஜிங் டேட்டாபேஸோடு பேசும். ஹோஸ்டிங் தானாகத் தரும் ‘இனிட்’ ஜேசானிலிருந்து விவரத்தை ஓட்ட நேரத்தில் எடுக்கும்படி மாற்றிய பிறகே குளோனைப் பயன்படுத்தினார்கள்.

பின்வாங்குவதில் எல்லாப் பகுதியும் ஒன்றல்ல. ஹோஸ்டிங்கில் பழைய ரிலீஸை கன்சோலிலிருந்தோ, வெர்ஷன் எண்ணைக் கொடுத்துக் குளோன் செய்தோ மீட்கலாம். ஃபங்ஷன்ஸுக்குப் பழைய கமிட்டிலிருந்து மறுபடி டிப்ளாய் செய்ய வேண்டும். இதற்காகக் கையால் ஓட்டும் ஒர்க்ஃப்ளோ ஒன்று கமிட் எண்ணை வாங்கிக்கொள்கிறது. அந்தப் பழைய கமிட்டில் புது ஃபங்ஷன்கள் இருக்காது. ஃபோர்ஸ் இல்லாததால் சிஎல்ஐ சரியாக நின்றுவிடும். அவசர நேரத்தில் இங்கேதான் கை மறுபடி ஃபோர்ஸை நோக்கிப் போகும். அதற்குப் பதில், பின்வாங்க வேண்டிய ஃபங்ஷனின் பெயரை மட்டும் ‘ஒன்லி’ ஃபிளாக்கில் கொடுத்தால் சிஎல்ஐ அந்தப் பெயருக்கு வெளியே எதையும் ஒப்பிடாது, எதையும் நீக்கவும் கேட்காது. வெப்ஹுக் அதன் இடத்தில் இருக்கும், ஆர்டர் ஃபங்ஷன் மட்டும் பழையதுக்குத் திரும்பும்.